மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர்: எதை முதலில் காப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில் உள்ள உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்திருக்கிறது. நிலத்தடி நீரை நம்பி வாழும் இயற்கை இடங்களைப் பட்டியலிட்டு, எதை முதலில் காப்பது என்று வரிசைப்படுத்தும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. "கண்மாய், ஊருணி, அலையாத்திக் காடு, மணல்மேடு, தீவு என எல்லாமே தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. எதைக் கொண்டு முன்பின் சொல்வது?" என்று கேட்கிறீர்கள்.

மணல்மேட்டில் தொடங்குங்கள் என்பது என் பதில். பறவைகள் நிறைந்த கண்மாயை விட்டுவிட்டு வெறும் மணலையா என்று குழுவில் கேட்பார்கள். அதற்குச் சொல்ல வேண்டிய காரணங்களைத்தான் கீழே எழுதுகிறேன். இந்தக் கரையில் பல ஆண்டுகளாகக் கிணற்று நீரை அளந்து பழகியவன் நான். அந்தப் பழக்கத்தில் வந்த முடிவுகள் இவை.

எல்லா உயிருக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் எல்லா இடமும் இந்தப் பட்டியலில் வந்துவிடாது. நிலத்தடி நீர் ஒரு முழம் இறங்கினால் இந்த இடத்தின் முகம் மாறுமா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மாறும் என்றால் அது பட்டியலில் இருக்க வேண்டும். நம் கண்மாய்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், வந்தால் வைகை நீரிலும் நிரம்புகின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய பறவை சரணாலயங்கள் அப்படிப்பட்டவை. முதல் இரண்டும் 2022இலும் அடுத்த இரண்டும் 2025இலும் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அவற்றின் கவலை வரத்துக் கால்வாய், தூர், மடை பற்றியது. பெரிய கவலைதான், ஆனால் வேறு கவலை. அவற்றுக்கென்று துறையும் பணமும் இருக்கின்றன. உங்கள் பட்டியலில் அவற்றை முதலிடத்தில் எழுதினால், ஏற்கெனவே குடை பிடித்திருப்பவருக்கு இன்னொரு குடை கொடுத்ததாகிவிடும்.

இப்போது மணலுக்கு வருகிறேன்.

தனுஷ்கோடியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டிப் பாருங்கள். சில அடிகளில் தண்ணீர் கசிந்து வரும். குடித்தால் இனிக்கும். இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த அந்த ஒடுங்கிய மணல் நாக்கில் மீனவக் குடும்பங்கள் இன்றும் அந்த ஊற்றில்தான் மொள்கிறார்கள். தங்கச்சிமடத்தின் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்தர்களுக்கு அது ராமனின் வில் கொடுத்த நீர். நீரியலின் கண்ணில், தீவின் மணலுக்குள் இறங்கிய மழை கடலை நோக்கி நகர்ந்து வெளியேறும் வாசல். இந்த இரண்டில் எதையும் மற்றொன்றுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தீர்த்தம் என்ற பெயர்தான் அந்த வாசலை இத்தனை தலைமுறை மூடாமல் காத்தது.

இது நடக்கும் விதம் எளிது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் கனமானது. அதனால் மணலில் இறங்கிய மழைநீர், கீழே ஊறிக் கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து, ஒரு கண்ணாடி வில்லையைப் போல நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்று நூறாண்டுக்கு முன்பே கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கணக்கிட்டார்கள். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே அரை அடி இறங்கினால் கீழே 20 அடி உப்பு ஏறும். நம் கரையில் களிமண் அடுக்கும் பழைய பவளப்பாறையும் குறுக்கிடுவதால் எண்கள் அப்படியே பொருந்தாது. போக்கு மட்டும் மாறாது. பனை ஓலைப் பட்டையால் இறைத்த கிணறு தலைமுறைகளாக இனித்ததும், அதே கிணறு மோட்டார் வைத்த சில கோடைகளில் கரித்ததும் இதனால்தான். வேகமாக உறிஞ்சும்போது அடியில் இருக்கும் உப்பு கூம்பைப் போல எழுந்து வருகிறது.

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்கு அடியில் வைத்தது. அலை ஏறிய மணல் முழுவதும் அன்று உப்பில் ஊறியிருக்கும். ஆனாலும் இன்று அங்கே தோண்டினால் நல்ல தண்ணீர். உங்கள் வரிசைக்கான திறவுகோல் இந்த ஒன்றில் இருக்கிறது. மேலிருந்து வந்த உப்பை அடுத்தடுத்த பருவமழைகள் கழுவிக் கீழே தள்ளிவிடும், மணல் அந்த இடத்தில் இருந்தால். மணலை லாரியில் ஏற்றிவிட்டால், மேட்டைச் சமன் செய்து கட்டடம் எழுப்பிவிட்டால், மழை நின்று இறங்க இடமே இல்லை. அந்த ஊற்று திரும்பாது. ஆகவே ஊற்றைச் சுற்றி வேலி போடுவதில் பயன் குறைவு. ஊற்றுக்குத் தண்ணீர் தரும் மேடு எது என்று கண்டுபிடித்து அதைக் காப்பதுதான் வேலை. பட்டியலில் ஒவ்வொரு ஊற்றுக்கும் எதிரே அதன் மேட்டையும் எழுதுங்கள். மேட்டின் பெயர் இல்லாத வரி, பாதி வரி.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆடி மாதத்தில் நடந்து பாருங்கள். நமக்கு மழை மார்கழியோடு முடிகிறது. தை தொடங்கி ஆடி வரை ஏழு மாதம் வானம் கொடுப்பது சொற்பம், ஆடிக் காற்று மிச்ச ஈரத்தையும் வாங்கிவிடும். அப்போதும் ஒரு தாழ்வில் தாழை பச்சையாக நிற்கிறது, கோரை மடியாமல் இருக்கிறது, புன்னையும் பூவரசும் இலை வாடாமல் இருக்கின்றன என்றால் அவற்றின் வேர் எங்கோ தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் படம் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் ஊரில் இருந்தால் 2017 ஆடியின் படத்தை எடுக்கச் சொல்லுங்கள். 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. அதற்கு அடுத்த கோடையிலும் பச்சையாக இருந்த இடம், மழையை மட்டும் நம்பியதாக இருக்க முடியாது.

ஆனால் படத்தை மட்டும் நம்பிப் பட்டியல் எழுதிவிடாதீர்கள். அந்தப் பச்சையில் பாதி சீமைக்கருவேலமாக இருக்கும். மீதியில் கொஞ்சம் மோட்டார் போட்டு நீர் பாய்ச்சும் தென்னந்தோப்பும் மல்லிகை நாற்றங்காலும். வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. ஒரு முறை ஒரு கூட்டத்தில் கருவேலம் அடர்ந்த ஒரு பொட்டலை 'நிலத்தடி நீர் சார்ந்த வளமான தாவரத் தொகுதி' என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். இலக்கணப்படி தவறில்லை. அந்த மரம் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் அதே பேரினத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாம் காக்க வேண்டியது நீரை நம்பி நிற்கும் நம் மண்ணின் கூட்டத்தை. கரையோரம் குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரம், தாழை, மணலைக் கட்டிப்போடும் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் இதில் அடங்கும். இந்த வேறுபாட்டை அளவுகோலில் எழுத்தில் வைக்காவிட்டால், கருவேலங்காடு உங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்துவிடும்.

கருவேலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைக்கின்றன. எல்லா இடத்திலும் அழிப்போம் என்று தொடங்கினால் எங்கும் முடியாது, ஏழைகளின் அடுப்பும் அணையும். நல்ல தண்ணீர் ஊறும் மேடுகளில் மட்டும் முதலில் எடுங்கள். வெட்டினால் போதாது, துளிர்த்துவிடும். தூரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு முன்பே நம் செடிகள் வேர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆடிக் காற்று மணலை வாரிக்கொண்டு போகும். சவுக்குக்கும் இதே எச்சரிக்கை. அரியமான் கரையில் அது தரும் நிழல் எனக்கும் பிடிக்கும். என்றாலும் மெலிந்த நீர்வில்லை இருக்கும் மேட்டில் புதிதாகச் சவுக்கு நட வேண்டாம் என்பதே என் கருத்து. அது தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கீழே விடும்.

படமும் கருவியும் சொல்லாததைச் சொல்பவர்கள் தண்ணீர் எடுக்கும் பெண்கள். எந்த ஊற்று எந்த மாதம் கரிக்கும், எது விடியலில் இனித்து மதியம் சப்பென்று ஆகும், எது தன் மாமியார் காலத்தில் இரண்டு சிரட்டை ஆழத்தில் கிடைத்து இப்போது இடுப்பளவு தோண்ட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் நாக்கிலும் தோளிலும் இருக்கிறது. எந்த அலுவலகத்திலும் இல்லாத நாற்பது ஆண்டுப் பதிவு அது. குழுக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்துப் பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். நீங்கள் ஊற்றடிக்குப் போங்கள், குடத்தோடு நில்லுங்கள், கேட்டு எழுதுங்கள். கூடவே கரைந்த உப்பை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை. கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500, வேறு வழி இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். அவர்கள் சொன்ன சுவையும் கருவி காட்டிய எண்ணும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பார்க்கும்போது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

இனி வரிசைப்படுத்தும் முறை. இதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. ஒவ்வொரு இடத்துக்கும் பறவைக்கு இத்தனை, பரப்புக்கு இத்தனை, ஆபத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். கூட்டினால் பெரிய இடம் எப்போதும் ஜெயிக்கும். முப்பதடித் தாழ்வு ஒன்றில் பத்துத் தாழம்புதரும் ஒரு ஊற்றும் இருக்கும். ஆடியில் சுற்று வட்டாரத்துக் கீரியும் மைனாவும் தண்ணீர் குடிக்க அங்கே மட்டும்தான் வரும். மதிப்பெண் தாளில் அது கடைசியில் நிற்கும், மறு ஆண்டு மண்ணோடு போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. எனவே கூட்டாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக வடிகட்டுங்கள். இது போனால் திரும்புமா என்பதே முதல் சல்லடை. திரும்பாதவை எல்லாம் மேலே. அவற்றுக்குள், நிலத்தடி நீரை முழுவதும் நம்பியவை முன்னே, பாதி நம்பியவை பின்னே. அதற்கும் பிறகுதான் ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது, நம் ஊராட்சியின் கைக்கு எட்டுமா என்று பாருங்கள். கைக்கு எட்டாதவற்றை அழித்துவிடாமல் தனித் தாளில் எழுதி மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புங்கள்.

இந்தச் சல்லடையில் நம் கரையைச் சலித்தால் எனக்குக் கிடைக்கும் வரிசை இப்படி. தனுஷ்கோடி மணல்நாக்கும், பாம்பன் தீவின் மேடுகளும், மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்து மணற்பரப்பில் உள்ள தாழ்வுகளும் முதலில். தனுஷ்கோடியில் 2025இல் அறிவிக்கப்பட்ட பூநாரைச் சரணாலயம் நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. பூநாரை நிற்பது உவர்ச் சேற்றில்தான் என்றாலும், அதைக் காக்க வரும் கண்கள் பக்கத்து மணலையும் காக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்து மன்னார் வளைகுடாத் தீவுகள். 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நல்லதண்ணித் தீவு என்று ஒன்றும் உப்புத்தண்ணித் தீவு என்று ஒன்றும் உண்டு. பெயர் வைத்தவர்கள் வரைபடம் போட்டவர்கள் அல்லர், தாகத்தோடு கரை ஒதுங்கிய மீனவர்கள். அந்தப் பெயர்களைவிட நேர்மையான நீர் ஆய்வு அறிக்கை இருக்குமா? சிறு தீவின் நீர்வில்லை மிக மெலிந்தது, ஓரம் அரிக்க அரிக்கச் சுருங்கும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டு அலையைத் தடுக்கும் வரைதான் தீவின் மணலும், மணலுக்குள் நீரும். இது வனத்துறையின் எல்லை, உங்கள் தனித் தாளில் வர வேண்டியது.

தொண்டிப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காட்டை மூன்றாவதாக வைப்பேன். அலையாத்திக்குக் கடலும் வேண்டும், கோட்டக்கரை ஆறு கொண்டுவரும் நீரும் வேண்டும். கரையிலிருந்து மண்ணுக்குள்ளாகக் கசிந்து வரும் நல்ல தண்ணீர் உப்பைத் தணித்து நாற்றுக்கு உதவும். ஆனாலும் அது பல நீரைக் கலந்து குடிக்கும் காடு. ஊர் மக்களே படகு ஓட்டிக் காட்டும் சூழல் சுற்றுலாவும் அதற்கு ஒரு காவல்.

நான்காவதாக ஒன்றை வையுங்கள், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்: கிணற்றுக்குள் வாழும் உயிர். கேரளத்தில் செம்புரைக்கல் நிலத்து வீட்டுக் கிணறுகளில் கண்ணற்ற மீன்கள் கிடைத்தன. நிலத்தடி நீரிலேயே வாழும் விரால் உறவான ஒரு மீனுக்கு 2019இல்தான் அறிவியல் பெயர் சூட்டினார்கள். ராமேஸ்வரம், பாம்பன் பகுதியில் பழைய பவளச் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. துளையும் பொந்தும் நிறைந்த கல் அது. கிணறு தூர்வாரும்போது மெல்லிய வலையில் ஒரு முறை அரித்துப் பாருங்கள். எதுவும் கிடைக்காமலும் போகலாம். பார்க்காமல் 'உயிரினம் இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவதுதான் தவறு.

அரசின் அட்டவணைகளை எப்படி வாசிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கில் ஆண்டுச் செறிவில், அதாவது ஓர் ஆண்டில் மண்ணுக்குள் இறங்கிச் சேரும் நீரில், 70 சதவீதம் வரை எடுக்கும் பகுதி பாதுகாப்பானது, 100ஐத் தாண்டினால் மிகை நுகர்வு. தமிழகத்தில் குறுவட்டம் வாரியாகப் பார்க்கிறார்கள். உப்பான பகுதிகளுக்கு 'உவர்' என்று தனி வகை. இதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. 'பாதுகாப்பானது' என்பது பம்புசெட்டுகளின் கணக்கு, தாழம்புதரின் கணக்கு அன்று. இயற்கையாக வெளியேறும் நீருக்கு அந்த முறை ஒதுக்குவது மொத்தச் செறிவில் 5 அல்லது 10 சதவீதம் மட்டுமே, எந்த ஊராக இருந்தாலும். 'உவர்' என்று எழுதியதும் அந்தக் குறுவட்டத்தில் காக்க ஒன்றுமில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அடுத்த பள்ளம். அடியில் உவர் இருப்பதால்தான் மேலே மிதக்கும் மெல்லிய நல்ல தண்ணீருக்கு இத்தனை மதிப்பு.

பரப்பளவும் நமக்கு எதிராக நிற்கிறது. தேசிய ஈரநில வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்குக் கீழ் உள்ளவை புள்ளிகள் மட்டுமே. நம் தாழ்வுகளில் பல அந்தப் புள்ளியாகக்கூட இருக்காது. ஆனால் கையில் இரண்டு சட்டக் கருவிகள் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதை, அங்கே குடியிருக்கும் மக்கள் தமக்காக எடுப்பது தவிர, அனுமதிப்பதில்லை. மணல்மேட்டுக்கும் அதில் உயர்ந்த பாதுகாப்பு உண்டு. மற்றது உங்கள் குழுவுக்கே உரியது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஓர் இடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கும்படி பரிந்துரைக்கலாம். மதுரை அரிட்டாபட்டி 2022இல் அப்படி அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி கோயில்காடு 5 ஹெக்டேர்கூட இல்லை, 2025இல் அதுவும் அறிவிக்கப்பட்டது. சிறிய இடம் என்பதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

குடிநீரையும் இயற்கையையும் எதிரெதிரே நிறுத்தும் பேச்சு வரும். "ஜனங்களுக்கே தண்ணீர் இல்லை, தாழைக்கு என்ன" என்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். ஒரு ஊற்று ஊருக்கும் குடிநீர் தருகிறது, தாழைக்கும் தருகிறது என்றால் அது வரிசையில் இன்னும் மேலே போக வேண்டும், கீழே அல்ல. குடத்தில் மொள்ளும் பெண்ணால் அந்த நீர்வில்லைக்கு ஆபத்தில்லை. ஆபத்து இரவில் வரும் டேங்கர் லாரியில் இருக்கிறது, மேட்டின் மேல் தோண்டிய கழிவுநீர்க் குழியில் இருக்கிறது. மணல் வடிகட்டும் என்று நம்பி விடுதிகள் கட்டுகிறார்கள். மணல் உப்பை வடிகட்டாததைப் போலவே நைட்ரேட்டையும் வடிகட்டாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வந்த பிறகு பல ஊற்றுகளில் ஆள் நடமாட்டம் நின்றது. ஆள் போகாத ஊற்றில் முதலில் குப்பை விழுந்தது, பிறகு பட்டா கேட்டார்கள். குழாய் வந்த ஊர்களில்தான் நீங்கள் முதலில் நடக்க வேண்டும்.

அளவெடுப்பதை ஆவணிக்குள் ஒரு சுற்று முடித்துவிடுங்கள், மழை முடிந்து தையில் இன்னொரு சுற்று. இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அந்த மேடு எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது என்பதைக் காட்டும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. பட்டியல் முடிந்ததும் அச்சடித்து ஊராட்சிப் பலகையில் ஒட்டச் சொல்வார்கள். வட ஓரத்தில் ஓர் ஊரில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நாங்கள் குறித்துக்கொடுத்த வரைபடம், அடுத்த கோடையில் தண்ணீர் விற்பவர்களின் கையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்ப் பெண்களின் முகத்தை என்னால் இன்றும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனவே வெளியே ஒட்டும் தாளில் மேட்டின் பெயரையும் எல்லையையும் மட்டும் எழுதுங்கள். ஊற்று இருக்கும் இடம் குழுவின் பதிவேட்டுக்குள் இருக்கட்டும். அதில் எழுதும் முன்பும், அங்கே மொள்கிறவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.